போத்தல் பெற்றோலும் பாதி லொறியும்

மாதத்தின் கடைசி நாள் வந்துவிட்டால் எங்கள் கடைத்தெருவில் இஷாவுக்குப் பிறகு ஒரே பேச்சுத்தான். "காக்கா, இன்டைக்கு ராவு கூடுமா, குறையுமா?" எரிபொருள் விலையை மாதந்தோறும் திருத்தும் வழக்கம் வந்த நாள் தொட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. கூடும் என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும். பெற்றோல் செட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் பாம்பு போல வளைந்து நிற்கும். அரை மணி, ஒரு மணி என்று நின்று மூன்று லீற்றர் அடித்துக்கொண்டு வருவார்கள். 2025 ஜூன் 30 நள்ளிரவு 92 ஒக்டேன் பெற்றோல் 293 ரூபாவிலிருந்து 305 ஆனது. பன்னிரண்டு ரூபா கூட. மூன்று லீற்றருக்கு முப்பத்தாறு ரூபா மிச்சம். அந்த ஒரு மணி நேரத்தில் கடையில் இருந்திருந்தால் முப்பத்தாறு ரூபாவுக்கு வியாபாரம் நடந்திராதா என்று கேட்டால், "அது வேற, இது வேற" என்கிறார்கள்.

வியாபாரச் சகோதரர்களே, அது வேறல்ல என்று சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

வானொலியில் வாசிக்கும் விலை ஒரே விலை. கொழும்புக்கு ஒன்று, பாசிக்குடாவுக்கு ஒன்று என்று யாரும் வாசிப்பதில்லை. ஆனால் பாசிக்குடாவிலிருந்து உள்ளே போகப் போக அந்த ஒரே விலை பல விலைகளாகப் பிரிந்து போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிரானைத் தாண்டி மேற்கே போனாலும் சரி, வாகரைப் பக்கம் கதிரவெளி வரை போனாலும் சரி, பெட்டிக் கடை வாசலில் பழைய சோடாப் போத்தல்களில் பெற்றோல் வரிசையாக நிற்கும். சென்ற வருடம் ஜூலையில், செட்டில் 305 ஆக இருந்தபோது, உள்ளூரில் கடன் வசூலுக்குப் போன இடத்தில் எண்ணெய் தீர்ந்து ஒரு போத்தலுக்கு 360 கொடுத்தேன். ஒரு லீற்றர் என்றுதான் தந்தார். போத்தலின் தோள் வரைக்கும் கூட ஏறவில்லை.

போத்தலில் விற்பது சட்டப்படி சரியல்ல, ஓலைக் கடைக்குள் அது நெருப்பைக் கட்டி வைத்திருப்பது போன்றது என்பதெல்லாம் உண்மை. எனினும் அந்தக் கடைக்காரரை நான் திட்டவில்லை. அவர் இருபது கிலோமீற்றர் வந்து கானில் நிரப்பி, திரும்ப இருபது கிலோமீற்றர் போகிறார். அவர் சேர்த்த ஐம்பத்தைந்து ரூபாவில் பெரும்பகுதி தூரத்தின் விலை. எண்ணெய்க்கு அரசாங்கம் விலை வைக்கிறது. தூரத்துக்கு யாரும் விலை வைப்பதில்லை. அது தானாகவே வந்து நம் கணக்கில் ஏறிக்கொள்கிறது.

அந்தத் தூரம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எங்கள் பக்கத்துக்கான எண்ணெய் கொலன்னாவையிலிருந்து ரயில் தாங்கிகளில் ஏறி, நாட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு மட்டக்களப்புக்கு வருகிறது. 2024 ஒக்டோபர் 18 அதிகாலை மட்டக்களப்புக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய் ரயில் மின்னேரியாப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதியது நினைவிருக்கும். இரண்டு யானைகள் செத்தன, தாங்கிகள் தடம் புரண்டன. காட்டு யானை குறுக்கே வந்தாலும் வாழைச்சேனையில் ஓட்டோக்காரன் பயப்பட வேண்டிய நிலையில்தான் நாம் இருக்கிறோம்.

இத்தனைக்கும் வடக்கே நூறு கிலோமீற்றர் சொச்சத்தில் திருகோணமலை இருக்கிறது. வெள்ளைக்காரன் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே காட்டுக்குள் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள். 2003 இல் லங்கா ஐஓசி வந்து ஒரு சிலவற்றைப் பாவித்தது. மீதியெல்லாம் மரம் முளைத்துக் கிடந்தன. 2022 ஜனவரியில் 14 தாங்கிகள் ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று ஒப்பந்தம் எழுதினார்கள். ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதத்தில் நாட்டில் எண்ணெய் இல்லை. தாங்கி இருந்து என்ன, அதற்குள் ஊற்றுவதற்கு டொலர் வேண்டுமே.

எங்கள் தலைமுறைக்கு இந்த விலை வித்தியாசம் புதிதல்ல. போர்க் காலத்தில் வாவியின் இந்தக் கரையில் ஒரு விலை, அந்தக் கரையான படுவான்கரையில் வேறு விலை. எண்ணெய் கொண்டு போக அனுமதி வேண்டும், சாவடியில் கான் திறந்து காட்ட வேண்டும். சாவடியைக் கடந்த ஒவ்வொரு லீற்றரும் கடந்த கூலியைத் தன் மேல் ஏற்றிக்கொண்டுதான் போகும். யாழ்ப்பாணத்தில் 1990 களில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். புகை மூட்டத்தோடு ஊர் முழுக்க ஓடியது. மாற்று வழி என்பது வசதிக்காகப் பிறப்பதில்லை, முட்டுப்பட்டுத்தான் பிறக்கிறது என்பதை அவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் 2022 ஐ நான் போரோடு சேர்த்துப் பேச மாட்டேன். போரில் எங்களுக்குச் செய்தது பிறர். 2022 இல் எங்களுக்கு நாங்களே செய்துகொண்டதும் கொஞ்சம் உண்டு.

விலைகளை ஒரு தடவை ஞாபகப்படுத்துகிறேன், ஏனெனில் மனிதனுக்கு மறதி அதிகம். 2021 டிசெம்பரில் பெற்றோல் 177, டீசல் 121. 2022 மார்ச்சில் பெற்றோல் 254, டீசல் 176. ஏப்ரல் 19 இல் 338, 289. மே 24 இல் 420, 400. ஜூன் 26 இல் 470, 460. ஆறு மாதத்தில் டீசல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த விலைக்கும் எண்ணெய் இல்லை. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர மற்ற எல்லோருக்கும் விநியோகத்தை நிறுத்தியே விட்டார்கள். பலகையில் 460 என்று எழுதியிருக்கும், பம்பில் எண்ணெய் இருக்காது. அப்பொழுதுதான் உண்மையான விலை கான்களில் இருந்தது. கான் வைத்திருந்தவன் சொன்னதே விலை.

என்னிடமும் கான் இருந்தது. மே மாத ஆரம்பத்தில் 289 க்கு நிரப்பி வைத்த நாற்பது லீற்றர் டீசல், என் லொறிக்கென்று. அது பதுக்கல் அல்ல, தேவைக்கு வைத்தது என்று எனக்கு நானே பத்வா கொடுத்துக்கொண்டேன். ஜூன் கடைசியில் ஒரு வான்காரர் வந்தார். பழக்கமான தம்பி. "காக்கா, பத்து லீற்றர் தாங்க, மட்டக்களப்புக்கு ஒரு ஓட்டம் கிடக்கு" என்றார். 1,200 என்றேன். அவர் பேரம் பேசவில்லை. எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். லீற்றருக்கு 911 ரூபா லாபம், பத்துக்கு 9,110. முப்பது வருட வியாபாரத்தில் பத்து நிமிடத்தில் நான் அப்படி உழைத்தது கிடையாது.

இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும், அந்த ஓட்டம் ஆஸ்பத்திரி ஓட்டம். இரத்தம் சுத்திகரிக்கப் போகிற ஒரு நோயாளி. வான்காரர் கூலியைக் கூட்டவில்லை என்றும் கேள்விப்பட்டேன். என் 9,110 ஐ அவர் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. பிறகு ஸதகாவாகக் கொடுத்தேன். கொடுத்ததனால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

அந்த நாட்களில் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு வாதம் நடந்தது. பதுக்கலை நபியவர்கள் (ஸல்) தடுத்தது உணவுப் பொருளுக்குத்தான், பெற்றோலுக்கு அல்ல என்று ஒரு ஹாஜியார் அடித்துப் பேசினார். அப்படிச் சொன்ன அறிஞர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். மௌலவி ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "மீன்காரனுக்கு எண்ணெய் இல்லை, லொறிக்கு எண்ணெய் இல்லை. அப்ப சோறும் கறியும் நடந்தா வரும் ஹாஜியார்?" அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தரும்படி கேட்டவர்களுக்கு நபியவர்கள் (ஸல்) மறுத்தார்கள் என்று படித்திருக்கிறோம். வியாபாரி விலை வைப்பதை மார்க்கம் மதிக்கிறது. ஆனால் சரக்கு சந்தைக்கு வருமுன் வழியில் மறித்து வாங்குவதையும், மற்றவனின் முட்டுப்பாட்டைக் காத்திருந்து பிடிப்பதையும் அது வியாபாரம் என்று எண்ணவில்லை. தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை. நான் சொல்வது என் கையில் பட்ட சூடு.

ஜூலையில் கியூஆர் வந்து, ஓகஸ்ட் முதலாம் திகதி நாடு முழுக்க அமுலானது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, லொறிக்கு 50. அதைத் திட்டாத வியாபாரி இல்லை. ஆனால் கான் வியாபாரத்தின் முதுகெலும்பை முறித்தது அந்தக் கறுப்புக் கட்டம் போட்ட சதுரம்தான். 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அதை நீக்கும் வரையில் நான் ஒன்றைக் கவனித்தேன். கிழமைக்கு 50 லீற்றர் என்று தெரிந்தவுடன் என் லொறி அந்த 50 க்குள் தன் வேலையை முடிக்கக் கற்றுக்கொண்டது. முன்பு எழுபது, எண்பது குடித்த லொறி அது.

மண்ணெண்ணெய்க் கதையையும் சொல்லாமல் போக முடியாது. வேறுபாடு ஊருக்கு ஊர் மட்டும் அல்ல, ஒரே செட்டுக்குள் குழாய்க்குக் குழாய் இருந்தது. டீசல் 460 விற்ற நாளில் மண்ணெண்ணெய் 87 ரூபா. பஸ்ஸுக்கும் லொறிக்கும் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினார்கள். எஞ்சின் நாசமாகும் என்று தெரிந்தே ஊற்றினார்கள். கடைசியில் 2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெயை ஒரேயடியாக 340 ஆக்கினார்கள். கலப்படம் செய்தவன் தப்பிக்கொண்டான். அடி விழுந்தது கடலுக்குப் போகிறவன் மேல். பாசிக்குடா, கல்குடா கரையில் நிற்கும் சிறு படகுகள் மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடுபவை. நாளொன்றுக்கு 25 லீற்றர் என்று வைத்தால் 2,175 ரூபாவில் முடிந்த செலவு ஒரே இரவில் 8,500. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது போக வேண்டிய காசு. பல படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. 2012 பெப்ரவரியில் 71 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 106 ஆனபோது சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கி, ஓர் உயிரும் போனது. பத்து வருடம் கழித்து நான்கு மடங்கானபோது வீதிக்கு இறங்கவும் மனிதரிடம் தெம்பு இருக்கவில்லை.

விலை வித்தியாசம் இருக்கிற இடமெல்லாம் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிற மனிதனும் இருப்பான். இந்தியாவில் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. கேரளத்துக்கு நடுவில் இருக்கும் மாஹி புதுச்சேரிக்குச் சொந்தமானது, வரி குறைவு. அதனால் அந்தச் சின்ன ஊரில் கேரள வண்டிகள் பெற்றோலுக்கு வரிசையில் நிற்கும். மலேசியாவில் பெற்றோல் மலிவு என்பதால் சிங்கப்பூர்க் கார்கள் ஜொகூருக்குப் போய் நிரப்பிக்கொண்டு வர, சிங்கப்பூர் அரசாங்கம் முக்கால் தாங்கி நிரம்பியிருந்தால்தான் எல்லையைத் தாண்டலாம் என்று சட்டம் போட்டது. மலேசியாவும் 2010 இல் வெளிநாட்டு வண்டிக்கு மானியப் பெற்றோல் இல்லை என்றது. பணக்கார நாட்டிலும் மனிதன் மனிதன்தான்.

எங்களுக்கும் 2023 இல் சினோபெக் வந்து, கூட்டுத்தாபனம் 361 விற்ற பெற்றோலை 358 க்கு விற்றபோது, அது எங்கே இருக்கிறது, போய் அடிப்போமா என்று கேட்டவர்கள் உண்டு. மோட்டார் சைக்கிளுக்குப் பத்து லீற்றர் அடித்தால் முப்பது ரூபா மிச்சம். அதற்காகப் போக ஐந்து, வர ஐந்து என்று பத்து கிலோமீற்றர் ஓடினால் கால் லீற்றர் போய்விடும், தொண்ணூறு ரூபா. மலிவைத் தேடிப் போய் அறுபது நட்டம். இந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர்கள் அல்ல நாம். கருவாட்டில் கிலோவுக்கு ஐந்து ரூபா வித்தியாசத்தை மனக்கணக்கில் பிடிக்கிறவர்கள். எண்ணெய் விடயத்தில் மட்டும் கணக்கு மறந்துவிடுகிறது.

இப்பொழுது லொறிக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கடைக்காரர்களில் பலருக்குத் தம்புள்ளைச் சந்தைதான் கை. மரக்கறி, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் அங்கிருந்து வருகிறது. போக வர 280 கிலோமீற்றர் அளவு. டிமோ பட்டா ஒன்று என் கணக்கில் அந்த ஓட்டத்துக்கு 20 லீற்றர் டீசல் குடிக்கும். 2021 இறுதியில் அந்த 20 லீற்றர் 2,420 ரூபா. 2022 ஜூன் இறுதியில் 9,200. சென்ற வருடம் ஜூலையில், டீசல் 289 இல், 5,780.

அந்த ஜூலைத் திருத்தத்தில் டீசல் லீற்றருக்கு 15 ரூபா கூடியது. ஓட்டத்துக்கு 300 ரூபா. பட்டாவில் 400 கிலோ கொண்டு வருகிறவருக்குக் கிலோவுக்கு 75 சதம். ஆனால் மறுநாள் காலையில் எங்கள் கடைத்தெருவில் கிலோவுக்குப் பத்து ரூபா கூடியிருந்தது. கேட்டால், "எண்ணெய் கூடிட்டெல்லோ". கூடியது உண்மை. முக்கால் ரூபா கூடியதற்குப் பத்து ரூபா வாங்குவது எண்ணெயின் மேல் பழியைப் போட்டு எடுக்கும் ஒன்பதே கால் ரூபா. வாங்குகிற பெண்ணுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. தெரிந்த அல்லாஹ்வுக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கும் இதற்குள் இருக்கிறது. 400 கிலோ என்றேன் அல்லவா? அந்த லொறி 800 கிலோ சுமக்கும். பாதி வெறுமையாக வந்தால் எண்ணெய்ச் செலவு கிலோவுக்கு 14 ரூபா 45 சதம். நிறைய வந்தால் 7 ரூபா 23 சதம். ஆக, லொறியின் வெறும் பாதியால் கிலோவுக்கு ஏழே கால் ரூபா நட்டம். அரசாங்கம் கூட்டியதோ 75 சதம். நாம் நள்ளிரவு வரை விழித்திருந்து பயப்படுகிற அந்த உயர்வைப் போல ஏறத்தாழ பத்து மடங்கை ஒவ்வொரு கிழமையும் நாமே வீதியில் ஊற்றிக்கொண்டு வருகிறோம். போகும்போது முழு லொறியுமே வெறுமை, அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. திங்கட்கிழமை அதிகாலையில் பொலன்னறுவை வீதியில் நின்று பாருங்கள். எங்கள் ஊர்ப் பட்டாக்கள் நான்கைந்து ஒன்றன்பின் ஒன்றாக வெறுமனே போகும். பத்து மணிக்கு அரைச் சுமையோடு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும். சாரதிமார் ஒருவருக்கொருவர் ஹோர்ன் அடித்து ஸலாம் சொல்லிக்கொள்வதுதான் எங்களுக்குள் இருக்கிற ஒரே கூட்டுறவு.

சேர்ந்து ஓட்டினால் என்ன என்று கேட்பது சுலபம். 2023 இல் நாங்கள் நான்கு பேர் செய்து பார்த்தோம். மூன்றாவது மாதம் உடைந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒருவருடைய தக்காளிக்கு மேல் இன்னொருவருடைய பூசணிக்காய். தக்காளிக்காரர் பாதி விலை கேட்டார், பூசணிக்காரர் நான் ஏற்றவில்லை, சாரதி ஏற்றினான் என்றார். அதோடு இரண்டு பேர் எண்ணெய்ப் பங்கைப் "பிறகு பார்ப்போம்" என்று வைத்தது ஏழு வாரம் பிறகாகவே இருந்தது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆன் சொல்லியிருக்க, நாங்கள் "நம்மட ஆக்கள்தானே" என்று எழுதாமல் விட்டோம். உடைந்தது லொறியால் அல்ல, கொப்பி இல்லாமையால்.

இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறோம், மூன்று பேர். ஏற்றுமுன் எடை, எடைப்படி பங்கு, இறக்குமுன் காசு. எது அடியில், எது மேலே என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். போகும்போது கருவாடும் தேங்காயும் ஏற்றுகிறோம், கூலிக்கு. இன்னும் பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பு மூன்று லொறி மூன்று தடவை போனதற்கு இப்போது ஒரு லொறி இரண்டு தடவை போகிறது. கிழமைக்கு ஒரு ஓட்டம் மிச்சம் என்றாலே 20 லீற்றர். எந்த அரசாங்கம் எங்களுக்கு அந்த அளவு குறைத்துத் தரும்?

லொறி இல்லாதவர்களுக்கும் இதே நோய் உண்டு. பாசிக்குடா விடுதிகளுக்குச் சாமான் கொடுக்கிற தம்பிமாரைப் பாருங்கள். 2011 முதல் ஒன்றன்பின் ஒன்றாக விடுதிகள் திறந்தபோது எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல வியாபாரம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சமையலறையிலிருந்து போன் வரும், "இரண்டு கிலோ தேசிக்காய்". ஓடுவான். திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றுமுன் மறுபடி போன், "கொத்தமல்லி இலை". மறுபடி ஓடுவான். போக வர 14 கிலோமீற்றர், நாளுக்கு மூன்று தடவை என்றால் 42. ஒரு லீற்றர் பெற்றோல், 2025 ஜூலை விலையில் 305 ரூபா. தேசிக்காயின் லாபம் வீதியிலேயே எரிந்துவிட்டது. அந்த விடுதிக்காரர் கெட்டவர் அல்ல. கேட்டால் கிடைக்கிறது, கேட்கிறார். காலையில் ஒரு நேரம், அஸருக்குப் பின் ஒரு நேரம், இடையில் வேண்டுமென்றால் கூலி தனி என்று ஒரு தம்பி துணிந்து சொன்னான். ஒரு விடுதி மட்டும் அவனை விட்டுப் போனது. மற்ற மூன்றும் மறுநாளே பட்டியல் எழுதப் பழகிக்கொண்டன.

மின்சார மோட்டார் சைக்கிள், மின்சார ஓட்டோ பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீற்றருக்குள், ஒரே ஊருக்குள் சுற்றுகிறவனுக்கு அது பொருந்தும். தம்புள்ளைக்குப் போகிறவனுக்கு இப்போதைக்குப் பொருந்தாது. பற்றரி மாற்றும் செலவை முதல் நாளே கணக்கில் வையுங்கள், விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார். எங்கள் உப்புக் காற்று இரும்பைத் தின்னும், இணைப்புகளையும் தின்னும். வட்டி லீசிங்கில் எடுத்துப் பெற்றோல் காசை மிச்சம் பிடிக்கப் போகிறேன் என்பவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. வட்டியில்லா முறையில் தருகிற இடங்கள் இருக்கின்றன, விசாரியுங்கள்.

கூரைச் சூரிய மின்சாரம் பெற்றோலுக்கு நேர் மாற்று அல்ல. ஆனால் 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது மீனுக்கு ஐஸ் வைத்திருந்தவர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்ததைப் பார்த்தவன் நான். குளிர்பெட்டி வைத்து வியாபாரம் செய்கிறவருக்கு அது வெயில் நேரத்து டீசல். 2016 இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது அலகுக்கு 22 ரூபா தருகிறோம் என்றார்கள். அதை நம்பி விற்பதற்காகப் போட்டவர்களுக்குப் பிறகு விலை மாறிய கவலை. தன் பாவனைக்கென்று போட்டவருக்கு அந்தக் கவலை இல்லை.

சைக்கிளைப் பற்றிச் சொன்னால் இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். 2022 இல் பழைய சைக்கிளைத் தேடித் தேடி வாங்கியவர்கள், டயருக்கு வரிசையில் நின்றவர்கள், இப்போது அதன் மேல் கோழி அடைய விட்டிருக்கிறார்கள். கடைக்கும் வீட்டுக்கும் இடையில் எண்ணூறு மீற்றர். அதற்கு மோட்டார் சைக்கிள். எனக்கு முழங்கால் நோ, அதனால் நான் இதை அதிகம் பேசக் கூடாது.

எங்கள் லொறி வருகிற திங்கள் சுபஹ் தொழுத கையோடு தம்புள்ளைக்குப் போகிறது. வரும்போது இருநூறு கிலோவுக்கு இடம் இருக்கிறது. ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் சேரலாம். எடை பார்த்துத்தான் ஏற்றுவோம், காசு கையில். பூசணி கொண்டு வருகிறவர்கள் அடியில் போடச் சம்மதிக்க வேண்டும்.